கடைசிப் புள்ளி

பழக்கமில்லாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒருவர் வீட்டைத் தேடிப் போகிறோம். நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்கு அந்த வீடு தெரியாது. “தெற்குத் தெருவா? நேராப் போய்ப் பிள்ளையார் கோயில்கிட்ட கேளுங்க” என்பார். கோயில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு வீடு தெரியாவிட்டாலும் எந்தச் சந்து என்று தெரியும். சந்துக்குள் விளையாடும் பையன்தான் கதவைக் காட்டுவான். மூவரில் ஒருவருக்கும் முழு வழி தெரியாது. ஆனாலும் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.

இணையத்தில் ஒரு முகவரியைத் தட்டும்போது நடப்பதும் இதேதான். கணினிகளுக்குப் பெயர் புரியாது, எண் மட்டுமே புரியும். நாம் தட்டிய பெயருக்கு உரிய எண்ணைக் கேட்டு வருவதற்காக, இணைப்பு தரும் நிறுவனத்திடம் ரிசால்வர் என்று ஒரு கணினி இருக்கிறது. அது முதலில் ரூட் சர்வரிடம் போய் “டாட் இன் எங்கே?” என்று கேட்கும். ரூட் சர்வர், டாட் இன் பதிவேட்டை வைத்திருக்கும் கணினிகளைக் காட்டிவிடும். அவை அந்தக் குறிப்பிட்ட டொமைனை நடத்தும் கணினியைக் காட்டும். அந்தக் கணினிதான் எண்ணைச் சொல்லும். கேள்வியும் பதிலும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். பால் மோக்கபெட்ரிஸ் 1983-ல் வடிவமைத்த டிஎன்எஸ் என்னும் இந்த ஏற்பாடு, அடிப்படையில் பெரிதாக மாறாமல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன்னால் வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான ஓர் அலுவலகம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. புதுப் பெயர் சேர்க்க வேண்டுமானால் அந்த அலுவலகம் திறந்திருக்கும் நேரம் பார்த்துத் தொடர்புகொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக ஒரே அலுவலகத்தால் சமாளிக்க முடியவில்லை. பட்டியலைப் பிரித்து, அவரவர் கிளையை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டதுதான் மோக்கபெட்ரிஸ் செய்த காரியம்.

எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தாலும் ஒன்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. வழி கேட்க முதல் ஆள் என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும். டாட் காம் என்று முடியும் முகவரியில், காம் என்பதற்குப் பின்னாலும் கணக்குப்படி ஒரு புள்ளி உண்டு. உலாவி அதை நமக்குக் காட்டுவதில்லை, நாமும் தட்டுவதில்லை. தட்டினாலும் பெரும்பாலும் பக்கம் திறக்கும். அந்தக் கடைசிப் புள்ளிதான் வேர், ஆங்கிலத்தில் ரூட். டாட் காம், டாட் இன், டாட் ஓஆர்ஜி போன்ற உச்சிப் பெயர்கள் எல்லாம் அதற்குள் ஒரு பட்டியலாக இருக்கின்றன. மொத்தம் 1,400-க்குச் சற்று மேல். போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு மேல் அந்தக் கோப்பு பெரிதில்லை. யார் வேண்டுமானாலும் தரவிறக்கிப் படிக்கலாம். அதில் எழுத மட்டும் எல்லோராலும் முடியாது. எழுதும் அதிகாரம் யாருடையது என்ற கேள்வியைச் சுற்றித்தான் முப்பது ஆண்டுகளாக அரசுகள் மோதிக்கொள்கின்றன.

1990-களில் இந்தக் கேள்விக்கு நடைமுறையில் ஒரே பதில்தான்: ஜான் பாஸ்டல். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்றில், மெரினா டெல் ரேயில் இருந்த அவருடைய அலுவலகத்திலிருந்துதான் நாட்டுப் பெயர்கள் ஒப்படைக்கப்பட்டன. எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிப்பது தன் வேலையில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதனால் ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் உள்ள இரண்டெழுத்துக் குறியீடுகளை மட்டும் ஏற்றார். எது நாடு என்பதை வைத்து இன்றுவரை உலகம் இங்கே பெரிதாகச் சண்டை போடாமல் இருப்பதற்கு அந்த முடிவுதான் காரணம் என்பது என் எண்ணம். ஒரு மனிதர் எவ்வளவு அதிகாரத்தை வேண்டாம் என்று தள்ளிவைத்தார் என்பதை இணைய வரலாறு எழுதுபவர்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

1995-ல் சிக்கல் தொடங்கியது. அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் பதிவேட்டை நடத்திய நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், டாட் காம் பெயர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் வாங்க ஆரம்பித்தது. அதுவரை இலவசமாகக் கிடைத்த பெயர் ஒரே நிறுவனத்தின் ஏகபோகச் சரக்காகிவிட்டது. புதிய உச்சிப் பெயர்களைச் சேர்த்துப் போட்டியை உண்டாக்க பாஸ்டலும் அவரைச் சேர்ந்தவர்களும் முயன்றார்கள். ஜெனீவாவை மையமாக வைத்து ஒரு திட்டமும் உருவானது. வாஷிங்டன் அதை விரும்பவில்லை.

1998 ஜனவரி 28 அன்று பாஸ்டல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். உலகில் அப்போது 13 ரூட் சர்வர்கள். நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் வைத்திருந்த ‘ஏ’ சர்வரிலிருந்து மற்ற பன்னிரண்டும் வேர்க் கோப்பை நகல் எடுத்துக்கொண்டிருந்தன. அந்தப் பன்னிரண்டில் எட்டை நடத்தியவர்களுக்குத்தான் அந்த மின்னஞ்சல் போனது. இனி ‘ஏ’விடம் நகல் எடுக்க வேண்டாம், என்னிடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதில் இருந்த செய்தி. எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் அப்படியே மாற்றினார்கள். உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அஞ்சல் போனது, பக்கங்கள் திறந்தன. ஏனென்றால் பாஸ்டலின் கோப்பிலும் அதே பட்டியல்தான் இருந்தது. ஆனால் பதின்மூன்று ரூட் சர்வர்களில் எட்டு, நெட்வொர்க் சொல்யூஷன்ஸின் பிடியை விட்டு வெளியே போயிருந்தன.

அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மகசைனர் தலையிட்டார். இது வெறும் சோதனை என்று பாஸ்டல் விளக்கம் சொன்னார். சில நாட்களில் எல்லாம் பழையபடி திருப்பப்பட்டது. வேரின் மேல் யாருக்கு என்ன அதிகாரம் என்று அதுவரை எந்தச் சட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் இரண்டு விஷயங்களைக் காட்டிக்கொடுத்தது. ரூட் சர்வர் நடத்துபவர்கள் மனமொப்பி யாரை நம்புகிறார்களோ அவர் கோப்புதான் வேர். ஆனால் அந்த நம்பிக்கைக்கு உரியவர் தனிமனிதராக இருந்தால், அரசு ஒரு போன் போட்டாலே போதும்.

அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் ஐகேன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு கலிஃபோர்னியாவில் பதிவானது. அதன் முதல் தொழில்நுட்பத் தலைவராக வேண்டியவர் பாஸ்டல். அக்டோபர் 16-ல், 55 வயதில், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார்.

ஐகேன் வந்தும் கடைசிக் கையெழுத்து அமெரிக்க அரசிடமே இருந்தது. வேர்க் கோப்பில் ஒரு வரி மாற வேண்டுமானால் ஐகேன் பணியாளர்கள் சரிபார்ப்பார்கள், வாஷிங்டனில் வணிகத் துறையின் ஓர் அலுவலகம் ஒப்புதல் கொடுக்கும், அதன் பிறகு வெரிசைன் நிறுவனம் எழுதும். ஏதோ ஒரு தீவு நாடு தன் சர்வரின் எண்ணை மாற்றினால்கூட அந்தத் தாள் வாஷிங்டன் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். 2005-ல் துனிஸில் நடந்த உலக மாநாட்டில் பல நாடுகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. 2011 அக்டோபரில் இந்தியா, ஐ.நா.வில் 50 நாடுகள் கொண்ட ஒரு குழுவை அமைத்து இணையக் கொள்கையை அதன் கையில் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தது. 2013-ல் அமெரிக்காவின் உளவு வேலை பற்றி ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பின் அமெரிக்காவால் பழைய இடத்தில் நிற்க முடியவில்லை. 2014 மார்ச்சில் ஒப்பந்தத்தை விட்டுவிடுகிறோம் என்று அறிவித்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: தான் விட்டுச்செல்லும் இடத்தில் வேறொரு அரசோ, அரசுகளின் கூட்டமைப்போ வந்து உட்காரக் கூடாது.

இரண்டரை ஆண்டு பேச்சுவார்த்தை நடந்தது. செனட்டர் டெட் குரூஸ் இணையத்தைத் தானம் கொடுக்கிறார்கள் என்று முழங்கினார். அரிசோனா, ஓக்லஹோமா, நெவாடா, டெக்சஸ் ஆகிய நான்கு மாநிலங்கள் கடைசி நேரத்தில் கால்வெஸ்டன் நீதிமன்றத்துக்குப் போயின. 2016 செப்டம்பர் 30 அன்று நீதிபதி தடை தர மறுத்தார். அன்று நள்ளிரவில் ஒப்பந்தம் காலாவதியானது. ஐகேன் பிறந்து சரியாகப் பதினெட்டு ஆண்டுகள். மறுநாள் காலை உலகத்தில் ஒரு பக்கமும் திறக்காமல் போகவில்லை.

இப்போது அந்தக் கோப்பைக் காப்பது யார்? சட்டப்படி ஐகேன் இன்னும் கலிஃபோர்னிய நிறுவனம்தான். எழுதுகிற வேலை இன்னும் வெரிசைனிடம்தான். ஆனால் அதிலிருக்கும் எழுத்து உண்மையானது என்று நிரூபிக்கும் முத்திரை வேறு விதமாகக் காக்கப்படுகிறது. 2010 முதல் வேர்க் கோப்பு மின்கையொப்பத்தோடுதான் வெளிவருகிறது. அந்தக் கையொப்பத்தின் மூலச் சாவி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எல் செகுண்டோவில், இன்னொன்று அமெரிக்காவின் மறுகரையில் கல்பெப்பரில். ஆண்டுக்கு நான்கு தடவை அங்கே ஒரு சடங்கு நடக்கும். பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள், ஓர் இடத்துக்கு ஏழு பேர். அவர்களில் குறைந்தது மூவராவது தங்கள் அட்டைகளோடு சேர்ந்தால்தான் சாவி வேலை செய்யும். அறையில் நடப்பது முழுவதும் நேரலையில் ஓடும். கையிலுள்ள படிநிலைத் தாளில் ஒவ்வொரு செயலுக்கும் நேரம் குறிக்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவின் பெட்டகம் ஒன்று திறக்க மறுத்துவிட்டது. பூட்டுப் பழுது. பூட்டு வேலை தெரிந்தவரை அழைத்துத் துளை போட்டுத்தான் திறந்தார்கள். சடங்கு சில நாள் தள்ளிப்போனது. உலகத்தின் மிக நுட்பமான கணிதப் பாதுகாப்பு ஓர் இரும்புப் பூட்டுக்காகக் காத்திருந்தது. அதை அமைப்பு மூடி மறைக்கவில்லை, அப்படியே அறிவித்தது. என்னைப் பொறுத்தவரை இந்த வெளிப்படைத்தன்மைதான் பெட்டகத்தைவிட உறுதியான காவல்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சோதனை 2022-ல் வந்தது. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பிப்ரவரி 28 அன்று உக்ரைன் அரசு ஐகேனுக்குக் கடிதம் எழுதியது. டாட் ஆர்யூ உள்ளிட்ட ரஷ்யாவின் உச்சிப் பெயர்களை வேரிலிருந்து நீக்குங்கள், ரஷ்யாவில் உள்ள ரூட் சர்வர் நகல்களை நிறுத்துங்கள் என்ற கோரிக்கை. குண்டு விழும் நகரத்திலிருந்து வந்த கடிதம் அது. மறுப்பது லேசான காரியமில்லை. மார்ச் 2 அன்று ஐகேன் தலைவர் யோரன் மார்பி மறுத்து எழுதினார். இணையம் இயங்குவதற்காகத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள், நிறுத்துவதற்காக அல்ல என்பது அவர் பதிலின் சாரம்.

அந்த மறுப்பு சரி என்றுதான் நான் நினைக்கிறேன், உக்ரைன் பக்கம் நியாயம் இருந்தும். ஒரு தடவை வேரிலிருந்து ஒரு நாட்டை வெட்டினால், அடுத்த வாரமே இன்னொரு அரசு இன்னொரு கடிதத்தோடு வரும். வெட்டப்பட்ட நாடும் அதற்குப் பயந்த நாடுகளும் தங்களுக்கென்று தனி வேர் நட்டுக்கொள்ளும். பிறகு ஒரே பெயரைத் தட்டினால் சென்னையில் ஒரு பக்கம், மாஸ்கோவில் வேறு பக்கம் திறக்கும். ரஷ்யா இதற்கு முன்பே ஆயத்தமாகிவிட்டது. 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அதன் ‘இறையாண்மை இணைய’ச் சட்டம், நாட்டுக்கென்று தனி டிஎன்எஸ் அமைப்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

உச்சியில் கதவு திறக்காது என்று தெரிந்ததும், அரசுகள் ஒரு படி இறங்கிக் கீழே கை வைக்கின்றன. டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் அமெரிக்காவில் இருக்கிறது. எனவே உலகத்தில் யார் வைத்திருக்கும் டாட் காம் பெயரையும் அமெரிக்க நீதிமன்றம் பறிக்க முடியும். 2011 ஜனவரியில் ரோஹாதிரெக்தா என்ற ஸ்பானிய விளையாட்டுத் தளத்தின் பெயர்களை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள். அந்தத் தளம் சட்டத்துக்கு உட்பட்டது என்று ஸ்பெயின் நீதிமன்றங்கள் அதற்கு முன்பே சொல்லியிருந்தன. 2012 ஆகஸ்டில்தான் பெயர்கள் திரும்பக் கிடைத்தன. ஒன்றரை ஆண்டு.

டாட் கேட் கதை தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. கட்டலான் மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று 2005-ல் ஒப்புதல் பெற்ற உச்சிப் பெயர் அது. நாட்டுக்கு என்றில்லாமல் ஒரு மொழிக்கு என்று வேரில் கிடைத்த இடம். 2017-ல் கட்டலோனியாவில் தனிநாட்டுக்கான பொதுவாக்கெடுப்பு நெருங்கியபோது, அது தொடர்பான டாட் கேட் பெயர்களை முடக்கச் சொல்லி ஸ்பானிய நீதிமன்றம் ஆணையிட்டது. செப்டம்பர் 20 அன்று போலீஸ் பதிவேட்டு அலுவலகத்துக்குள் புகுந்து சோதனை போட்டு, தொழில்நுட்பப் பொறுப்பாளரைக் கைது செய்தது. ஒரு மொழியின் பெயர்ப் பதிவேட்டை நடத்தியவர், அரசியல் வழக்கில் சிக்கிவிட்டார்.

நம் மொழிக்கு வேரில் இடம் கிடைத்தது வேறு வழியில். 2007 அக்டோபரில், ஆங்கில எழுத்தல்லாத உச்சிப் பெயர்கள் வேலை செய்யுமா என்று பார்க்க பதினொரு சோதனைப் பெயர்களை வேரில் சேர்த்தார்கள். தமிழும் அதில் ஒன்று. ‘உதாரணம்.பரிட்சை’ என்பது முகவரி. ‘பரீட்சை’ என்று நெடிலாக இருக்க வேண்டியது, குறிலாகவே வேரில் ஏறிவிட்டது. அது எனக்கு உறுத்தியது, ஆனாலும் தமிழ் எழுத்து அந்தக் கோப்பில் முதன்முதலாக ஏறிய நாள் என்பதால் மனம் நிறைந்தது. பிறகு மூன்று நாடுகள் கேட்டுப் பெற்றதால் .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்ற மூன்றும் வந்தன. கவனியுங்கள், மூன்றுமே நாட்டின் பெயர்கள். அந்தப் பாதையில் அரசின் ஆதரவோடுதான் விண்ணப்பிக்க முடியும், பட்டியலில் உள்ள நிலப்பரப்பின் பெயர்தான் நுழைய முடியும். மொழியின் பெயர் அந்த வழியாக வராது. பெயர் வந்த பின்னும் முழுப் பயன் இல்லை. தமிழ் எழுத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியை ஒரு விண்ணப்பப் படிவத்தில் நான் தட்டியபோது, ‘சரியான முகவரி தரவும்’ என்ற சிவப்பு வரிதான் பதிலாக வந்தது. வேர் ஏற்றுக்கொண்ட எழுத்தை ஒரு படிவம் தள்ளிவிட்டது.

இந்தியாவின் நிலை இதற்கிடையில் மாறியது. 2011-ல் ஐ.நா. குழு கேட்ட அரசு, 2015-ல் புவனோஸ் ஐரிஸ் கூட்டத்தில், அரசு, தொழில், பொதுச் சமூகம் எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கும் முறையை ஆதரிப்பதாக அறிவித்தது. அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் உள்நாட்டில் தளங்களை முடக்கும் ஆணைகளை 2009-ன் விதிகள் ரகசியம் என்கின்றன. ஒரே ஆணையை ஒரு நிறுவனம் ரிசால்வரில் பொய்ப் பதில் வைத்து நிறைவேற்றும், இன்னொன்று வேறு வழியில். பக்கம் திறக்காதவருக்கு அது பழுதா, தடையா என்றுகூடத் தெரியாது. உலக அரங்கில் எல்லோருக்கும் குரல் வேண்டும் என்று சொல்லும் அரசு, முடக்கப்பட்ட பெயர்களின் பட்டியலையாவது தன் குடிமக்களுக்குக் காட்ட வேண்டும்.

வேர் ஒன்றும் நமக்குத் தூரத்தில் இல்லை. ரூட் சர்வர்களுக்கு 13 பெயர்களும் 12 நிர்வாகிகளும் இருந்தாலும், ஒரே எண்ணுக்கு உலகம் முழுக்கப் பல நகல்களை வைத்துக்கொள்ளும் முறையால் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அந்த வேலையைச் செய்கின்றன. ‘எஃப்’ சர்வரின் நகல் ஒன்று 2005-லேயே சென்னைக்கு வந்துவிட்டது. நகல் பக்கத்தில் இருக்கிறது, பதிலும் சரியாக இருக்கிறது. நடுவில் வரும் வழிதான் கவலை. 2010 மார்ச்சில் சிலியிலிருந்து ஒரு பொறியாளர், ‘ஐ’ ரூட் சர்வரிடம் ஃபேஸ்புக்கைக் கேட்டால் தப்பான எண் வருகிறது என்று புகார் செய்தார். கேள்வி எப்படியோ பெய்ஜிங்கில் இருந்த நகலுக்குப் போயிருந்தது. சர்வர் பொய் சொல்லவில்லை. வழியில் இருந்த சீன வலையமைப்பு பதிலைத் தானே செய்து அனுப்பியது. சீனாவின் தணிக்கை சிலிக்குப் போய்ச் சேர்ந்தது.

எதிர்காலக் கட்டுப்பாடு இந்த நடுவழியில்தான் நடக்கப்போகிறது. உச்சியைப் பற்றிய பேச்சில் நாம் மூழ்கியிருக்கும்போது, முதலில் வழி கேட்டுப் போகும் அந்த ரிசால்வர் யாருடையது என்பதில் சட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2024-ல் பிரெஞ்சு நீதிமன்றம், திருட்டு விளையாட்டு ஒளிபரப்புத் தளங்களின் பெயர்களுக்கு உண்மையான பதில் தரக் கூடாது என்று பொது ரிசால்வர்களுக்கே ஆணையிட்டது. அவற்றில் ஒன்றான ஓபன்டிஎன்எஸ் பிரான்சில் சேவையையே நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் டிஎன்எஸ்4ஈயூ என்று ஒரு ரிசால்வரைத் தன் நிதியுதவியோடு உருவாக்கியிருக்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு மூன்றிடம் உலகத்தின் கேள்விகளெல்லாம் குவிவது நல்லதல்ல என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்கு மாற்றாக அரசே அந்தக் கேள்விகளை ஒட்டுக்கேட்கும் நிலை வந்தால் அதுவும் நல்லதல்ல.

2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரை முடக்கியது. நாட்டின் இணைப்பு நிறுவனங்கள் தங்கள் ரிசால்வர்களில் ட்விட்டருக்குத் தவறான பதிலை வைத்தன. உடனே இஸ்தான்புல்லின் சுவர்களில் மக்கள் 8.8.8.8 என்று பெயின்டால் எழுதினார்கள். அது கூகுள் நடத்தும் பொது ரிசால்வரின் எண். போனில் அதைப் போட்டுக்கொண்டால் தடை விலகியது. கட்சிக் கோஷம் எழுதும் சுவரில் ஒரு கணினியின் எண்ணை எழுதி வைத்தார்கள். சில நாட்கள் அது ஓடியது. மார்ச் 29 அன்று துருக்கியின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம், அந்த எண்ணுக்கான வழியையே தன் வலையமைப்புக்குள் திருப்பிவிட்டது. சுவரில் எழுதியிருந்த எண் மாறவில்லை. மக்கள் அதே நான்கு எட்டுகளைத்தான் போட்டார்கள். பதில் சொன்னது கூகுள் அல்ல, அந்த நிறுவனம் வைத்த வேறொரு கணினி. கேட்டவர்களின் கேள்விகள் எல்லாம் அதன் கைக்குப் போயின. கேள்வியை மறைகுறியாக்கி அனுப்பும் முறைகள் 2016-லும் 2018-லும் தரமாக்கப்பட்டன. சாவி பொருந்தாத கணினி பதில் சொல்ல வந்தால் போன் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். 2014-ன் அந்த மார்ச்சில் இஸ்தான்புல்லில் யாருடைய போனிலும் அந்த முறைகள் இல்லை.